ஜினுவின் சீட்டும் ஞானையனின் முதுகுவலியும்

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஞானையனின் வீடு இந்தப் பக்கம். அவருடைய வாழைக்குலைக் கடை அந்தப் பக்கம். ஊருக்கு அது மாநில எல்லை. ஞானையனுக்கு அது மனைவி ஜெபகுமாரியின் எல்லை.

வீட்டில் எல்லாம் ஜெபகுமாரி சொன்னபடிதான். மீன்கறிக்குப் புளி எவ்வளவு என்பதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் எந்தச் சட்டை போட வேண்டும் என்பது வரை. ஆனால் ரோட்டைத் தாண்டிவிட்டால் அவர் ராஜா. கடை விஷயத்தில் அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வார். மட்டிப்பழம் வாங்கிப் போடாதீர்கள் என்றாள், வாங்கிப் போட்டார். கடைக்குப் பச்சை பெயின்ட் வேண்டாம் என்றாள், பச்சையே அடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் மிஞ்சியிருந்த சுதந்திரம் அது ஒன்றுதான். அதைக் கட்டிக்காக்கவே மனுஷன் களைத்துப் போயிருந்தார்.

இந்த நிலையில்தான் மகள் ஜினு டெல்லிக்குப் போகிறேன் என்றாள். பிளஸ் டூ முடியப் போகிறது. டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க ஆசை. நாடு முழுக்கப் பிள்ளைகள் முட்டி மோதுகிற இடம். எடுப்பதோ ஒரு கைப்பிடி.

"வெளிமாநிலத்துல படிக்கணும், அம்புடுதானே?" என்றார் ஞானையன். "ரோட்டத் தாண்டு மக்கா. தமிழ்நாடு வெளிமாநிலம் இல்லியா?"

"அப்பா, அது நம்ம கடையாக்கும்."

"கடைக்கு முன்னால பஸ் உண்டு. மார்த்தாண்டத்துல காலேஜ் உண்டு. சாயங்காலம் வந்தா வீட்டுல மீன்கறி உண்டு. டெல்லில என்ன உண்டு?"

"அங்க நீங்க இல்ல," என்றாள் ஜெபகுமாரி. "பிள்ள நிம்மதியா படிப்பா."

உண்மையில் அவருக்குக் குளிரைப் பற்றியோ சப்பாத்தியைப் பற்றியோ கவலை இல்லை. சாயங்காலம் ஜினு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். கடையில் ஒரு மட்டிப்பழத்தை உரித்துத் தின்பாள். "அப்பா, வாறேன்" என்று ரோட்டைத் தாண்டிப் போவாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பகலெல்லாம் குலை சுமக்கிறார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. சொன்னாலும் ஜெபகுமாரி, "பேருலதான் ஞானம்" என்று சிரிப்பாள்.

ஆகவே முடிவெடுத்தார். வெளியே ஆதரவு, உள்ளே முட்டுக்கட்டை. இந்த சீட்டு ஜினுவுக்குக் கிடைக்கக் கூடாது.

"பின்ன, அங்க சேர என்ன செய்யணும் மக்கா?" என்று மறுநாள் தேன் ஒழுகக் கேட்டார்.

"மார்க்கு மட்டும் போராதுப்பா. அது எல்லா பிள்ளைகளுக்கும் உண்டு. ஒரு உபன்யாசம் வேணும். பின்ன இன்டர்வியூ."

ஞானையனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உபன்யாசமா? சர்ச்சில் வேதபாடம் வாசிக்கச் சொன்னாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை! மேடையேறி எங்கே பேசப் போகிறாள்? பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் கடைக்குப் புறப்படும்போது ஜெபகுமாரி வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. பிள்ளைய கடப் பக்கம் மட்டும் கூப்பிட்டிராதிங்க. அவ அங்க வந்து குல வித்து, கணக்குப் பாத்து, நாலு ஆளுகளுக்க கூட பேசி... அதொண்ணும் அவளுக்கு வேண்டாம், கேட்டியளா?"

கடை விஷயம்! ஞானையன் ரோட்டைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டார். அன்று சாயங்காலமே ஜினு கடையில். தினமும் கடையில். படிக்க நேரம் கிடைத்தால்தானே?

ஜினு முகம் சுளிக்கவில்லை. "செரிப்பா" என்றாள். அந்த "செரிப்பா"வை அவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. விலைப் பலகையைத் தமிழில் ஒருபுறம், மலையாளத்தில் மறுபுறம் எழுதி வைத்தாள். எந்தக் குலைக்கு எப்போது கிராக்கி என்று இருபுறத்து விவசாயிகளுக்கும் போனில் பேசி அனுப்பினாள். எல்லாரும் ஒரே நாளில் குலை வெட்டிக் கொண்டுவந்து விலை விழுவது நின்றது. காரோட்டிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் கடைக்கு போன் வரத் தொடங்கியது.

"ஜினு மோளுண்டோ?"

"நான் உண்டு."

"அது சாரமில்ல. மோளு வரட்டே."

மலையாளத்தில் 'சாரமில்ல' என்றால் 'பரவாயில்லை'தான். ஆனாலும் சொந்தக் கடையில் சாரமில்லாதவனாகிப் போனோமே என்று ஞானையன் பெருமூச்சு விட்டார். இருந்தாலும் பிள்ளை படிக்கவில்லை அல்லவா? அது போதும். ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"மக்கா, உபன்யாசம் எப்ப?"

"அத அனுப்பியாச்சே அப்பா."

"பிரசங்கத்த எப்படியாக்கும் அனுப்புவா?"

ஜினு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சொன்னது மலையாள உபன்யாசம், அதாவது கட்டுரை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தகப்பன் அதை மேடைப்பேச்சாக்கிவிட்டார். இரண்டு பாஷை தெரிந்தவனை ஒரே வார்த்தை கவிழ்த்துவிட்டது. கட்டுரை கரையேறி, இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"இன்டர்வியூ போனுல, வீடியோலயாக்கும்," என்றாள் ஜெபகுமாரி. "அண்ணைக்கு பிள்ள வீட்டுல இருக்கட்டு. கடையில இருந்தா ஒரே சத்தம், ஒண்ணும் நடக்காது. கடைய நீங்கதான் பாக்கணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்லிக் கொடுக்க முடியாது. இன்டர்வியூ அன்று காலை ஞானையனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"ஐயோ, குமாரி! நிமிர முடியல்ல. கடைக்கு ஜினு போட்டு."

"அவளுக்கு இன்டர்வியூ இல்லியா?"

"போனு கடையிலயும் எடுக்கும்."

ஜெபகுமாரி ஒரு நிமிஷம்கூட வாதாடவில்லை. ஜினுவை அனுப்பிவிட்டுத் தைலத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவள் தேய்த்த தேய்ப்பில் இல்லாத வலி வந்துவிடும் போலிருந்தது. மத்தியானம் மீன் கிடையாது, வெறும் கஞ்சி. திரும்பிப் படுக்கவும் அனுமதி இல்லை. பிள்ளைக்காக இதையும் தாங்கிக்கொண்டார்.

கஞ்சி குடித்து முடித்த நேரம், கடைக்கு அடுத்த பேக்கரிக்காரன் பிஜி ஓடி வந்தான்.

"அண்ணா, கடையில சண்ட!"

ஞானையன் பாதி எழுந்துவிட்டார். ஞாபகம் வந்து மறுபடி படுத்தார். "யாருலே சண்ட?"

"கல்யாண வீட்டுக்கு வாங்க வந்த ஒரு தமிழ்க்காரரு, சிப்ஸ் போட வாங்க வந்த ஒரு மலையாளி. ஒத்த குலைல ரெண்டு பேரும் கைவச்சாச்சு. ஆளு கூடியாச்சு. ஒரே சத்தமும் பகளமும்!"

"இன்டர்வியூ?"

"அதுக்க நடுவுலயாக்கும்!"

ஞானையனுக்கு அத்தனை சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. "ஐயோ பாவம் பிள்ள. பின்ன?"

"ஜினு இவருட்ட தமிழுல பேசினா, அவருட்ட மலையாளத்துல பேசினா. மேல உள்ள பெரிய சீப்பு கல்யாண வீட்டுக்கு, கீழ உள்ள சின்ன சீப்பு சிப்ஸுக்குண்ணு பிரிச்சு குடுத்தா. ரெண்டு பேரும் சிரிச்சிட்டு போனாவ. பின்ன அவ போனப் பாத்து, நடந்தது என்னண்ணு இங்கிலீஷ்ல வெளக்கினா. போனுக்கு உள்ள இருந்து கைதட்டுறாவ அண்ணா!"

அப்போதுதான் ஞானையனுக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

ரிசல்ட் வந்த சாயங்காலம் ஜினு வீட்டுக்குள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள்.

"கெடச்சாச்சு அப்பா! எல்லாம் நீங்க கடைய தந்ததுனாலயாக்கும். கடை இல்லேண்ணா எனக்கு எழுதவும் ஒண்ணும் இல்ல, சொல்லவும் ஒண்ணும் இல்ல. அம்மா அண்ணைக்கே சொன்னா."

"என்ன சொன்னா?"

"'கடைக்கு அனுப்புங்கண்ணு சொன்னா அவரு அனுப்ப மாட்டாரு. அனுப்பாதிங்கண்ணு சொல்லுகேன், நீ பாத்துக்க'ண்ணு."

ஞானையன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவருக்கு மட்டிப்பழம் ஞாபகம் வந்தது. கடையில் அதிகம் விற்பது அதுதான். பச்சை பெயின்ட் ஞாபகம் வந்தது. அவள் கட்டியிருந்த சேலையும் பச்சை. அவளுக்குப் பிடித்த நிறம் அது ஒன்றுதான் என்பது இத்தனை வருஷமாக அவர் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அந்த ரோட்டில் எல்லையே கிடையாது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அசதி. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொண்டு விட யாரு போறது?" என்றார்.

"நானும் பிள்ளையும்," என்றாள் ஜெபகுமாரி. "நீங்க வரண்டாம். கடைய யாரு பாப்பா?"

கடை விஷயம். வலை என்று நன்றாகவே தெரிந்தது. இந்த முறை விழக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எதிரே ஜினு ஒரு மட்டிப்பழத்தை உரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இந்தப் பழத்தை யார் உரிப்பார்கள் என்று தோன்றியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் வருவேன்," என்றார் ஞானையன்.

ஜெபகுமாரி மீன்சட்டியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மக்கா, அப்பாக்க டிக்கெட்ட எடுத்துக் காட்டு. முதுகுவலிக்காரரில்லியா, கீழ் பெர்த்தாக்கும் எடுத்தது."