பிஸ்கற் டின்னில் என் மகன்

சரியாகப் பகல் பதினொன்று ஐந்துக்கு ஊசி அண்ணை எங்கள் டின்னைத் திறந்தார். உள்ளே பிஸ்கற் இருந்தது.

ரொறொன்ரோவில் பிஸ்கற்றைக் கண்டு அழுத முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன். அழவைத்தவரோ, வாழ்நாளில் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைக்காதவர் என்று ஸ்காபரோ முழுக்கப் பேர் வாங்கியவர்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருந்தது அந்த லோயர் அலுவலகம். லோயர் வயதான ஐரிஷ்காரர். ஊசி அண்ணை அவருடைய கிளார்க். யாழ்ப்பாணத்திலும் ஒரு லோயரிடம் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். ஸ்டேப்ளரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கம்பி துருப்பிடிக்கும் தங்கச்சி. நூல் துருப்பிடியாது."

எந்தப் பத்திரத்தையும் பச்சை நூலால் தைத்துத்தான் கொடுப்பார். ஒருமுறை கதைத்துக்கொண்டே தைத்ததில், ஒருவருடைய விவாகரத்துப் பத்திரத்தோடு அவருடைய கோட்டுக் கையும் சேர்ந்துவிட்டது. மனிதர் எழும்பியபோது விவாகரத்தும் கூடவே எழும்பியது.

வேறு லோயர் என்றால் அன்றைக்கே வேலையிலிருந்து கலைத்திருப்பார். இவர் பூரித்துப்போனார். இவருடைய அப்பா அயர்லாந்தில் கிராமத்து லோயராம். அங்கேயும் பச்சை நாடாவால் தைப்பார்களாம். ஒவ்வொரு குடும்பத்தின் பத்திரமும் பேர் எழுதிய தகரப் பெட்டியில் இருக்குமாம். இதைக் கேட்ட மறுநாளே ஊசி அண்ணை இரும்பு அலுமாரியைக் காலிசெய்து, பத்திரங்களை வெறும் பிஸ்கற் டின்களில் போட்டு, வெள்ளைப் பெயின்ற்றால் பேர் எழுதி அடுக்கிவிட்டார்.

என் மூத்த மகன் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே இருந்தான். பதினெட்டு வயது. அடுத்த புதன்கிழமை அவனுக்கு விசா நேர்முகம். அவன் என் பிள்ளை என்று நான் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசியும் அவனுடைய அசல் பிறப்புப் பத்திரமும் டின்னைத் திறந்த அன்று நாலு மணிக்கு வரும் கூரியர்காரரிடம் போயாக வேண்டும். வேறொரு பிறப்புப் பத்திரம் எடுப்பதென்றால் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் கந்தோருக்கு, போகவேண்டும். அப்போது சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது.

அதற்கு முதல்நாள் ஊசி அண்ணை இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரு புது டின்னில் வைத்தார். "பேர் நாளைக்கு எழுதுறன்" என்றார். வாடிக்கையாளர்களுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுக்க லோயர் வாங்கிய பிஸ்கற் டின்களும் அதே மேசையில், அதே நிறத்தில் இருந்தன.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். எல்லாம் பிஸ்கற்.

"நேத்து ஒராள்தான் டின் கொண்டுபோனவ" என்றார் ஊசி அண்ணை. "அஜக்ஸிலை வீடு வாங்கின பிள்ளை."

ஸ்பீக்கர் போனில் அந்தப் பெண் குதூகலமாகப் பேசினாள்.

"என்னத்துக்கு அண்ணை உந்தச் சிலவெல்லாம்? நல்ல பிஸ்கற். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டம்."

"எல்லாத்தையுமோ பிள்ளை?"

"ஓம், ஒரு தூள் மிச்சமில்லை. சின்னவன்தான் கூடச் சாப்பிட்டவன்."

அங்கேயும் பிஸ்கற் என்றால் என் மகனின் கடதாசி எங்கே? ஊசி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஆட்களிடம் சத்தியம் வாங்கும் குரலுக்கு மாறினார்.

"நீர் சொன்னது முழுக்க உண்மை எண்டு சத்தியம் பண்ணுவீரோ?"

அவள் குரல் இறங்கியது.

"திறக்கவே இல்லை அண்ணை. வோபர்னிலை மச்சாள் வீட்டை போகேக்கை குடுத்திட்டன். வெறுங்கையோடை போறதே?"

எங்கள் ஆட்களுக்குப் பிஸ்கற் டின் தின்கிற சாமான் அல்ல, வீடு வீடாகப் போகிற சாமான் என்பதை லோயருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மச்சாளின் போன் இரண்டு மணிவரை ஓயாமல் எங்கேஜ். ஊசி அண்ணை குரங்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு, பஸ் பிடிக்கப் பனிக்குள் இறங்கினார்.

லோயர் தேநீர் தந்து ஆறுதல் சொன்னார். அவருடைய அப்பாவின் அலுவலகத்தில் ஒரு விவசாயியின் உயிலை ஆடு தின்றுவிட்டதாம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் நாலு பேரும் சாகும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லையாம். இதை எந்த நாட்டில் ஆறுதல் என்பார்களோ தெரியவில்லை.

கூரியர்காரர் பத்து நிமிடம் முந்தியே வந்து நின்றார். கடைசியில், நாலுக்கு மூன்று நிமிடம் இருக்க, மீசையெல்லாம் பனியோடு ஊசி அண்ணை படியேறி வந்தார். மகளின் ரீச்சருக்குக் கொடுக்கவென்று மச்சாள் டின்னை மினுங்கல் தாளால் சுற்றி, சிவப்புப் பூவும் ஒட்டியிருந்தாள். நான் தாளைக் கிழிக்கப் பாய்ந்தேன்.

"கிழியாதேங்கோ. அந்த மனுசி வேறை டின்னுக்குச் சுத்தவேணுமாம்" என்று ஒட்டியிருந்த ரேப்பை நகத்தால் மெல்லக் கிளப்பி, தாளை நாலாக மடித்து வைத்த பிறகே டின்னைத் திறந்தார். பச்சை நூல் விலகாமல், ஒரு மூலைகூட மடியாமல் மகன் உள்ளே இருந்தான். கூரியர்காரர் உறையில் போட்டுக்கொண்டு போனார்.

பகல் முழுக்கச் சேர்த்து வைத்த ஏச்சு என் வாய்வரைக்கும் வந்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி வந்தவுடனை ஒருக்கா இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ தங்கச்சி. எத்தினை கடதாசியிலை அந்தப் பிள்ளையின்ரை பேரை எழுதிப்போட்டன். முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்."