மூலைக்கு மூலை

பழவேற்காடு,
14.10.1985

அன்புத் தம்பி ரியாசுதீனுக்கு, அக்கா கைருன் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. ரப்புடைய கிருபையால் இங்கே நான் நலம். ரத்தக் கொதிப்பு மட்டோடு இருக்கிறது, ஏரியில் இறால் நன்றாக விழுகிறது, நீ வாங்கி அனுப்பிய கலர் டி.வி.யும் நலம். உன் வீட்டில் எல்லாருடைய சுகத்துக்கும் எழுது.

போன கடிதத்தில் நான் எழுதியதை நீ மறந்திருக்க மாட்டாய். இருபது அங்குலம் என்று சொல்லி உன் சிநேகிதர் அமீர் ஜான் விற்ற டி.வி., டேப் வைத்து அளந்ததில் அகலம் பதினைந்தேகால் அங்குலமும் உயரம் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகவும்தான் இருக்கிறது என்றும், டி.வி.யிலேயே ஐந்து அங்குலம் அமுக்குகிற மனிதர் வீட்டில் உன் மகன் ஜமாலுக்குப் பெண் எடுப்பது சரிப்படாது, அவர் மகள் கரீமாவின் பேச்சை இத்தோடு விட்டுவிடு என்றும் எழுதியிருந்தேன். நீயும் அக்கா சொல்லைத் தட்டாமல் பேச்சை நிறுத்திவிட்டாய். அன்றிலிருந்து ஜமால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் மனைவி எழுதியிருந்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கணக்குக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கியவள் அளவில் தவற மாட்டாள் என்று நான் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு, நமக்கு மீன் கொடுக்கும் கோவிந்தம்மா புருஷனோடு வந்திருந்தாள். குப்பத்தில் அவர்கள் தெருவே கூட வந்திருந்தது. படம் தொடங்க நேரம் இருந்ததால், இந்த மோசடியை நாலு பேர் அறியட்டும் என்று டேப்பை எடுத்து எல்லார் முன்னிலையிலும் மறுபடி அகலத்தை அளந்து காட்டினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள், கோவிந்தம்மா கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். அவள் புருஷன் திருவேங்கடம் மட்டும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தான்.

"இன்னா பீவிம்மா, ஓரத்தப் புடிச்சு அளந்துகினு கீற? மீன் வலையோட கண்ணிய நாங்க அப்டியா அளப்போம்? ஒரு முடிச்சையும் எதிர் முடிச்சையும் புடிச்சு இழுத்து, மூலைக்கு மூல அளப்போம். போன வருசம் ஒரு ஆபீசரு உன்னாட்டமே ஓரத்த அளந்துட்டு, சின்னக் கண்ணி போட்டு குஞ்சு மீனப் புடிக்கிறேன்னு என்னத் திருடன்னுட்டான். கடக்காரனும் மூலைக்கு மூலதான் அளந்திருப்பான்."

"ஒனக்கு எதுக்குய்யா பெரிய எடத்து வம்பு? வந்து குந்து" என்று கோவிந்தம்மா அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

நான் காதில் விழாதவள் போல உள்ளே போய் டி.வி.யோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். அதை முதல் நாளே முழுவதும் படித்து, ஏழு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில், பிக்சர் ட்யூபின் அளவு மூலைக்கு மூலை எடுத்தது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தில் விட்டுப்போயிருந்த கமாவைப் போட்டதும் நான்தான்.

ஆகவே தம்பி, தவறு என்னுடையது. இப்படி நான் எழுதுவது இதுவே முதல் தடவை என்பதால் இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டாம். உடனே அமீர் ஜான் வீட்டுக்குப் போய், என் பெயரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்டு, அவர்கள் பெண்ணை வேறு இடத்தில் பேசி முடிக்கும் முன் நாள் குறித்துவிடு. எனக்கு மனம் லேசாகிவிட்டது. நேற்றுப் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். கதாநாயகி கட்டியிருந்த கிளிப்பச்சைப் புடவையைத் தொட்டுப் பார்க்க கோவிந்தம்மா மூன்று தடவை எழுந்தாள், மூன்று தடவையும் நான் தொடவிட்டேன்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக. ஜமாலை வயிறாரச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
கைருன் பீவி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு திருப்திக்காக மூலைக்கு மூலை அளந்து பார்த்தேன். பத்தொன்பது அங்குலம். நான்கு தடவை அளந்தும் பத்தொன்பதுதான். மீன் கொண்டுவந்த திருவேங்கடத்திடம் காட்டினேன். மீதிக் கண்ணாடி சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் என்கிறான். கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து அளவு சொல்கிறவரிடம் அவசரப்பட்டு நாள் குறித்துவிடாதே. கரீமா ஐந்தடி இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தாய். எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று கேட்டு எழுது.