காட்டுமாட்டின் எதிரே ஒரு விரல்பேச்சு

அட்டுவம்பட்டி, கொடைக்கானல்
சனிக்கிழமை, மாலை ஆறு மணி

பெருமதிப்புக்குரிய மச்சான் ராஜமுருகன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சேனாதிபதி பணிந்து எழுதுவது. அய்யம்பாளையத்தில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், தென்னந்தோப்புக்கு மருதாநதித் தண்ணீர் குறையாமல் வரவும் பழனியாண்டவர் துணை செய்யட்டும். இங்கே நாங்களும் அவ்வண்ணமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. எனக்கு முழங்கால் சிராய்ப்பு, இரண்டு அட்டைக்கடி, அதெல்லாம் ஆறிவிடும். உங்கள் தங்கை சண்முகவள்ளி உள் அறையில் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். என்னோடு ஒட்டன்சத்திரத்து வீட்டுக்கு வரப்போவதில்லையாம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன் அவள் கைப்பையில் இருக்கிறது. நானும் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. வில்பட்டியில் கேரட் ஏற்றிய லாரி ஒன்று ஏழு மணிக்கு இந்த வழியாகத் திண்டுக்கல்லுக்கு இறங்குகிறது. டிரைவர் பொன்னுவேல் எனக்கு வேண்டியவர். போகிற வழியில் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவள் வந்து சேருவதற்குள் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும். சரக்கு கெட்டுப்போனால் விவசாயி என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் அவனைக் கூப்பிட்டுவிடுவேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் சொந்தமாகக் காய்கறி மண்டி வைத்ததே அந்தப் பழக்கத்தால்தான். மகள் தாரணி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை இவள் கோபித்துக்கொண்டு அங்கே வந்து நாற்பது நாள் இருந்தது நினைவிருக்கும். அப்போது எனக்கு வயது முப்பது, மெஸ் சாப்பாடு செரித்தது. இப்போது ஐம்பத்தெட்டு மச்சான். நாற்பது நாள் அந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் ஆகாது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கென்று தாரணி கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். காலையில் காட்டுக்குள் நடை, மதியம் மலைக் கிராமத்தில் ஒரு வீட்டில் அந்த ஊர்ச் சாப்பாடு, சாயங்காலம் ஜீப்பில் திரும்புவது. எனக்கு ஒரு டிராக் பேண்ட்டும் அனுப்பியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு தோளில் துண்டோடு நான் வெளியே வந்ததும் உங்கள் தங்கை விடுதி வாசலிலேயே மறித்தாள். "இந்தா பாருங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க மண்டிக்காரர் இல்ல. யார்ட்டயும் வெல கேக்கக் கூடாது, போன் பேசக் கூடாது. மீறுனீங்க, இங்கன இருந்து நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." நான் சிரித்துக்கொண்டே, "போனு ரூம்லயே கெடக்கட்டும், யாருக்கு வேணும்?" என்றேன். அது டிராக் பேண்ட் பையில் கிடந்தது. சனிக்கிழமை, முருங்கை வரத்து கூடுதல். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வழிகாட்டியாக வந்தவர் கோகுல்ராஜ் என்று முப்பது வயதுக்காரர், இந்த ஊர்க்காரர்தான். நடையை விட வாயில் இங்கிலீஷ் வேகமாக ஓடியது. பைன் மரங்களைத் தாண்டி ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. "மெயின் பாத்ல போனா டூ அவர்ஸ் அங்கிள். இந்தப் பக்கம் ஷார்ட்கட் இருக்கு, பட் மிஸ்ட் எறங்குனா சேஃப் இல்ல" என்றார். போய்ச் சேருகிற கிராமத்தில் சிக்னல் கிடைக்கும் என்று அவரே கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தார். எனக்கு அது மட்டும்தான் காதில் நின்றது. "வெரசாப் போனா வெரசாச் சாப்பிடலாம், குறுக்குலயே போவம்" என்றேன். "நல்ல பாத இருக்கையில பள்ளத்துல எதுக்கு எறங்கணும்?" என்று உங்கள் தங்கை நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் எனக்குக் கேட்டது. கோகுல்ராஜையும் பேசிச் சரிக்கட்டிவிட்டேன். பேச்சில் இதுவரை என்னை ஜெயித்தது உங்கள் தங்கை ஒருத்திதான், அவள் அப்போது பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

இறங்கினோம். இறங்கினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பாதி தூரம் உட்கார்ந்தபடி சறுக்கித்தான் வந்தேன். அதில் டிராக் பேண்ட் பின்பக்கம் நன்றாகக் கிழிந்துபோனது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். அப்போதாவது அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அதற்குள் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போன கோகுல்ராஜின் சிவப்புப் பை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் திரும்பாமலே உள்ளங்கையைப் பின்னால் காட்டி, மூச்சோடு மூச்சாகச் சொன்னார்: "காட்டுமாடு. அசையாதீங்க. பேசாதீங்க."

பத்தடி தூரம் மச்சான். கறுப்பு மலை ஒன்று வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு, பின்னால் நாங்கள் சறுக்கி வந்த மேடு. உங்கள் தகப்பனார் இருந்திருந்தால் கிட்டப் போய் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பார்; சந்தையில் அவரிடம் அடங்காத மாடு இல்லை. அவர் மகளும் மருமகனும் நின்ற நிலை வேறு. அப்போதுதான் அவள் கை என் கையைத் தேடி வந்தது. நான் அதை அவள் சால்வைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

இங்கேதான் வினை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைகோத்து விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து, விரலை மடக்கினால் பாதி; பேச்சு நடக்கும்போது கையை உருவிக்கொண்டால் இந்த மாடு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். தரகர் மகள் அவள், அப்பா மடியில் உட்கார்ந்தே கற்றவள். எனக்கும் தெரியும். வாய் திறக்கக் கூடாது என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பேச்சு ஏது? நான் இரண்டு விரலைப் பிடித்தேன், இரண்டடி பின்னால் போவோம் என்று. அவள் நாலு விரலைப் பிடித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மிச்சம் மூன்று மாடு எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, நாலு தடவை சொன்னேனே கேட்டீர்களா என்றிருக்கிறாள். நான் ஐந்தையும் அழுத்தினேன், தைரியமாக இரு என்று. அவள் ஒரு விரலை மடக்கினாள். பாதி உயிர் போய்விட்டது என்கிறாளா, என் புத்தி பாதி என்கிறாளா, இன்னும் விளங்கவில்லை. எண்களை வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டி எவ்வளவு நேரம் பேச முடியும்? அந்த மாடு அசைபோடுவதை நிறுத்தி எங்களையே பார்த்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் பையில் போன் அதிர்ந்தது. சிக்னல் வந்துவிட்டது. அந்த அமைதியில் மாவுமில் ஓடுகிற மாதிரி கேட்டது. எங்கள் கணக்குப்பிள்ளை செல்வமுருகன். கூப்பிட வேண்டாம், ரொம்ப அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு என்று சொல்லியிருந்தேன், அவருக்கு எல்லாமே ரொம்ப அவசரம். கை எப்படிப் போனது என்று தெரியாது, பைக்குள் போய்ப் போனை அமுக்கிவிட்டேன். மாடு ஒரு சீறல் சீறியது, காலைத் தரையில் அடித்தது. பிறகு மூட்டைகள் சரிகிற சத்தத்தோடு சரிவில் இறங்கிப் போய்விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் என் கைக்குள் அவள் கை இல்லை; இரண்டடி தள்ளி நின்று சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சூப்பர் அங்கிள்! லைஃப்டைம் எக்ஸ்பீரியன்ஸ்!" என்றார் கோகுல்ராஜ்.

"யாரு போனுல?" என்றாள் உங்கள் தங்கை.

"செல்வமுருகன். எடுக்கல."

"எடுத்துப் பேசுங்க. முருங்கக்காயிக்கு என்ன ஆச்சோ, பாவம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பேச்சு நடக்கையில கைய உருவுனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நான் யாரு மக?"

அதன் பிறகு என்னோடு ஒரு சொல் பேசவில்லை மச்சான்.

சாப்பாட்டு வீடு ஆண்டிச்சாமி, சின்னத்தாயி என்று பூண்டு வெள்ளாமை செய்கிற தம்பதி வீடு. அப்படி ஒரு சாப்பாட்டை நான் தின்றதில்லை. தின்றும் ருசி தெரியவில்லை. ஆவி பறக்கும் சோறு, பட்டர் பீன்ஸ் குழம்பு, முள்ளங்கிக் கீரை, மலைப்பூண்டைத் தட்டிப்போட்ட ரசம். அடுப்புக்கு மேலே பரணில் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப் புகையில் தொங்கவிட்டிருந்தார்கள். முப்பது வருஷத்தில் அப்படிப்பட்ட சரக்கு என் மண்டிக்கு வந்ததில்லை. நான் இலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன்.

"ஐயாவுக்கு என்ன சோலிங்க?" என்று கேட்டார் ஆண்டிச்சாமி.

உங்கள் தங்கை கீரையைப் பிசைவதை நிறுத்தினாள்.

"சும்மாதாங்க இருக்கேன்."

"ரிட்டயராயிட்டீங்களா?"

"இன்னிக்கு மட்டும்."

"இல்ல, இந்தப் பூண்டக் கீழ நம்பிக்கையா ஒரு ஆளுக்கிட்டக் குடுக்கலாம்னு பாக்குறேன். யாரயும் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சவுக இருந்தாச் சொல்லுங்க."

நான் ரசத்தைக் குடித்தேன். நான்தான் அந்த ஆள் என்று சொல்லவில்லை. உங்கள் தங்கைக்காக நான் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். அவள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள்பாட்டுக்குச் சின்னத்தாயியிடம் காட்டுமாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், என் காதில் விழுகிற சத்தத்தில்.

"விடுங்கம்மா. ஆம்பளைக எல்லாம் ஒரே ரகம்" என்றார் சின்னத்தாயி. "எங்க வீட்டாளு ஒருநா காட்டுமாட்டப் பாத்துட்டு மரத்துல ஏறிட்டாரு. நான் கீழ நிக்கேன், வெறகுக்கட்டோட."

"ஏ, அது காட்டுமாடு இல்ல" என்றார் ஆண்டிச்சாமி ரோஷத்தோடு. "பன்னி."

உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் உடனே நிறுத்திவிட்டாள். ஜீப்பில் திரும்பும்போது முன்சீட்டில் டிரைவர் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அறைக்கு வந்ததும் போனை வாங்கிக் கைப்பையில் போட்டாள், பெட்டியைத் திறந்தாள்.

ஆகவே மச்சான், அவள் நாளை வந்து என்னைப் பற்றிச் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. போனை ஒளித்தது நான், குறுக்குவழியில் இறங்கச் சொன்னது நான். கையை விட்டதும் நான்தான். ஆனால் வேண்டாம் என்று விடவில்லை. இதை மட்டும் நீங்கள் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். வேண்டாத சரக்கை நான் வாசலிலேயே திருப்பிவிடுவேன், முப்பது வருஷம் வைத்திருக்க மாட்டேன். உதாரணம் சரியில்லை, மண்டிக்காரனுக்கு வேறு வரமாட்டேன் என்கிறது, நீங்கள் நல்லபடியாக மாற்றிச் சொல்லுங்கள். அவளை இரண்டு நாளைக்கு மேல் அங்கே இருத்திக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை நானே வந்து நிற்கிறேன், நீங்கள் எத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் உள்ள சிறுசுகள் எல்லாரும் பேரும் சீருமாக இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் தங்கள் மாப்பிள்ளை,
சேனாதிபதி

பின்குறிப்பு: மணி ஆறே முக்கால். கவர் ஒட்டப் பசை கேட்டுக் கீழே போய்த் திரும்புவதற்குள் உங்கள் தங்கை மேலே உள்ளதை முழுவதும் படித்துவிட்டாள். கையில் காகிதத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "கைய விட்டது நீங்கன்னா எழுதியிருக்கீக?" என்றாள். ஆமாம் என்றேன். "போன அமுக்குனது ஒங்க எடது கை. எங் கை இருந்தது வலது கையில" என்றாள். கொஞ்ச நேரம் சேலை முந்தானையைச் சுருட்டினாள். "அது சீறவும் நாந்தான் உருவிக்கிட்டு ஓடுனேன். ரெண்டு எட்டு வச்சும்புட்டேன். கோகுல்ராஜுதான் சால்வையப் பிடிச்சு நிறுத்துனாரு. கண்ண மூடிக்கிட்டு ஒத்தையில நின்னது நீங்கதான்." அப்படியென்றால் காலையில் இருந்து என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினாய் என்று கேட்டேன். "ஏன் உருவுனேன்னு நீங்க கேக்குறதுக்கு முன்ன நான் கேட்டுறணும்ல" என்கிறாள்.

அவள் பெட்டியைப் பிரித்துவிட்டாள்; அங்கே வரவில்லை. எனவே மேலே நான் எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேறு காகிதம் எடுத்து எழுத நேரமில்லை, லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. இப்போது கோபத்தில் இருப்பது நான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு நான் வருகிறேன், நாலு நாள் தங்குவேன், யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். அங்கே வந்து நான் என்னவெல்லாம் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருந்து கேட்க வேண்டுமாம், அவளும் அதே பஸ்ஸில் வருகிறாள். அக்காவிடம் சொல்லி இரண்டு பேருக்கும் சேர்த்தே உலை வைக்கச் சொல்லுங்கள். இலையை மட்டும் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.