முல்லங்கூலா ஷயரின் ஒலிச் சுயாட்சி

ஆஸ்திரேலிய உள்நாட்டில் இருக்கும் எங்கள் முல்லங்கூலா ஷயர், அதாவது வட்டாரம், அதன் கவுன்சில் மண்டபத்துக்கு ஒலியைக் கலந்து தரும் நவீன டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறிய நாளில், அந்த மண்டபத்தில் இருந்த மைக் மொத்தம் மூன்று. அதில் ஒன்று வேலை செய்யாது. வந்து இறங்கிய மிக்ஸருக்கோ மைக் சொருக முப்பத்திரண்டு வாய். மிச்ச வாய்களுக்கு எதைக் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஷயரில் பதினாறு வாய் மிக்ஸர் வாங்கிவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அது போதும்.

நான் இந்த ஊரில் கறிக்கடை வைத்திருப்பவன். பெயர் கிளிஃப். கவுன்சில் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எனக்கு அவ்வளவு பொது அக்கறையா என்று கேட்காதீர்கள். ஜனவரி மாதத்துக் கோடை வெயிலில் எங்கள் ஊரில் ஒழுங்காகக் குளிர்கிற ஏசி அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது.

மிக்ஸரோடு சிட்னியிலிருந்து ப்ரைஸ் என்ற ஆலோசகரும் வந்தார். கணுக்கால் தெரிகிற கால்சட்டை, சாக்ஸ் போடாத ஷூ. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். மிக்ஸர் மேல் வரிசையாக இருந்த நெம்புகோல்கள் எல்லாம், யாரும் தொடாமலேயே, சர்ரென்று மேலும் கீழும் ஓடி நின்றன. மேயர் லொரேன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு நகத்துறா இதை?"

"யாரும் இல்லைங்க மேடம். பட்ஜெட் கூட்டத்துக்கு ஒரு மாதிரி, இரங்கல் கூட்டத்துக்கு ஒரு மாதிரின்னு முன்னாடியே பதிஞ்சு வச்சிட்டா, பொத்தானை அமுக்கினதும் அதது தன் இடத்துல போய் உட்கார்ந்துக்கும்."

"கவுன்சிலருங்களுக்கு இப்படி ஒரு பொத்தான் வருதா?" என்று கேட்டார் மேயர்.

"அதைவிடப் பெரிசு இருக்கு. இது நெட்வொர்க்ல ஓடுறது. அவங்கவங்க உட்கார்ந்த இடத்துல இருந்தே போன்ல சத்தத்தை ஏத்தலாம், இறக்கலாம். எல்லார் குரலையும் ஒரே ஆள் கையில குடுக்கிறதெல்லாம் பழைய காலத்து ஆதிக்க மனப்பான்மைங்க. இப்ப உலகம் பூரா பங்கேற்பு ஒலிதான்."

பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்ட பிறகு எதிர்த்து வாக்களிக்கும் துணிச்சல் எந்தக் கவுன்சிலருக்கும் கிடையாது. பொது மேலாளர் நோயல் அன்று மாலையே 'ஒலி ஆளுகைக் கொள்கை' ஒன்றை எழுதி முடித்தார். அதன்படி ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மைக், தம் சொந்தக் குரல்மீது பூரணச் சுயாட்சி. பிறர் குரலில் தலையிட உரிமை இல்லை.

முதல் கூட்டத்தில் எல்லா உறுப்பினர்களும் தத்தம் சுயாட்சியை முழுமையாகப் பயன்படுத்தினார்கள். ஒலிபெருக்கிகள் வீரிட்டு அலறின. கூரைமேல் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கிளிகள் கூட்டமாகப் பறந்தன. செம்மறிப் பண்ணைக்காரரான கவுன்சிலர் மாக்ஸமின் நாய் அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து பாய்ந்து ஓடி வண்டியில் ஏறிக்கொண்டது. இன்றுவரை அது மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் எல்லோரையும்விட அதற்கு அறிவு அதிகம் என்பது என் கருத்து.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எல்லோரும் கத்துவது குறையல்ல, அது மற்றவர்களுக்குக் கேட்பதுதான் குறை என்று குழு கண்டுபிடித்தது. அதற்கும் மிக்ஸரில் வழி இருந்தது.

"மேடையில பாடுறவங்க காதுல சின்னதா ஒண்ணு மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க," என்றார் ப்ரைஸ். "டிரம்ஸ்காரருக்கு டிரம்ஸ் தூக்கலா, பாடகிக்குப் பாட்டு தூக்கலா. மண்டபத்து ஒலிபெருக்கியை அணைச்சிட்டு, அவங்கவங்களுக்கு வேணும்கிறதை மட்டும் அவங்கவங்க கேட்டுக்கலாம்."

"அப்ப எனக்கு பெரில் வேண்டாம்," என்றார் மாக்ஸம்.

"அடியோட இறக்கிடலாம் சார்."

"எனக்கும் அந்தாளு வேண்டாம்," என்றார் இன்னொரு கவுன்சிலரான மருந்துக்கடை பெரில் டன்ஸ்டன். "எத்தனை வருஷமா இதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்!"

கடைவீதி ரவுண்டானாவில் ஆரம்பித்து, அவர்கள் இருவரும் போடாத சண்டை இல்லை. அன்றோடு எல்லாம் ஓய்ந்தது. மாக்ஸம் பேசும்போது பெரில் புன்னகைத்தார். பெரில் பேசும்போது மாக்ஸம் தலையசைத்தார். கூட்டங்கள் தேநீருக்கு முன்பே முடிந்தன, லாமிங்டன் கேக் மிச்சமாயிற்று. செவிமடுத்தலில் சிறந்த கவுன்சில் என்று விருது வந்தது. மற்ற ஷயர்களிலிருந்து தூதுக்குழுக்கள் வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கிப் போனார்கள்.

பொதுமக்களாகிய நாங்கள் மட்டும் இளைத்தவர்களா? எங்களுக்கும் காதுக்கருவி வேண்டும் என்று மனுக் கொடுத்தோம், கிடைத்தது. தேநீர் அறையில் இருந்த ரேடியோவை யாரோ நெட்வொர்க்கில் சொருகியிருந்த விஷயமும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த வாய்க்கு 'மழை நிலவரம்' என்று பெயர் இட்டிருந்தார்கள். டெஸ்ட் மேட்ச் நடக்கிற நாட்களில் முல்லங்கூலாவில் மழைமேல் எல்லோருக்கும் அபார ஆர்வம் ஏற்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் நீச்சல் குளத்தை மூடுகிற யோசனை வந்தது. குளத்துப் பம்பு போய்விட்டது, புதுப் பம்புக்கென்று ஒதுக்கியதை மிக்ஸர் சாப்பிட்டுவிட்டது. ஆகவே குளத்தை மண் போட்டு நிரப்பி, அங்கே ஓர் ஒலிப் பூங்கா அமைக்கலாம் என்று ப்ரைஸ் அறிக்கை கொடுத்தார்.

குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள் நெரிடா காரிகன். இந்தப் பக்கத்தில் பண்ணைக்குப் பண்ணை ஆழமான குட்டை இருக்கிறது. பிள்ளை தவறி விழுந்தால், பக்கத்தில் பெரியவர்கள் இல்லாவிட்டால், தானாகக் கரையேறத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியும். நெரிடாவைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. குளம் போனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. விஷயம் அவ்வளவுதான், அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

கூட்டத்தன்று மண்டப வாசலில் நெரிடா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளிஃப், நீங்கள்லாம் உள்ளே இருப்பீங்கல்ல?"

"இல்லாம? நாங்க தட்டுற தட்டுல கூரை பேர்ந்துரும் பாரு."

"கை தட்டவெல்லாம் வேண்டாம்பா. காதைக் குடுங்க, போதும்."

"இதென்ன கேள்வி? முழுக் காதும் உனக்குத்தான்," என்றேன்.

பொதுமக்கள் வாயைத் திறக்க நோயலின் அனுமதி, காப்பீட்டுப் பிரிவின் அனுமதி, மேயரின் அனுமதி மூன்றும் கிடைத்த பிறகு நெரிடா பேசத் தொடங்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேயர் ஆழ்ந்து தலையசைத்தார். மாக்ஸம் கண்ணை மூடி, கையை நெற்றியில் வைத்திருந்தார். பெரில் விரல் நகத்தைக் கடித்தார். மண்டபமே அசையவில்லை. நம் ஆள் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தான், ஓவர் ஓவராகத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தான். உயிர் போய் உயிர் வந்தது.

திடீரென்று அடித்தான் பாருங்கள், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனது. கவுன்சிலர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்று, "ஆமாய்யா! அப்படிப் போடு! இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தோம்!" என்று கத்தினார்கள். மாக்ஸமும் பெரிலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நாங்களும் தட்டினோம், கூரை பேர்ந்தது. நெரிடா நன்றி என்று கையசைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் நோயல் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். மிக்ஸர் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கும். குறிப்புக்குக் கடைசிக் கேள்வியும் அதற்கான பதிலும் போதும் என்பது விதி. அதைப் போட்டுக் கேட்டதும் நேரே மேயரிடம் ஓடினார். என்ன நடந்தது என்பதை நோயலே என் கடையில் சாசேஜ் வாங்கும்போது சொன்னார்.

"லொரேன், 'குளம் திறந்தே இருக்கட்டுமா?'ன்னு அந்தப் பொண்ணு கேட்குது. ஒன்பது பேரும் 'ஆமாய்யா, அப்படிப் போடு'ங்கிறீங்க."

"நானுமா?"

"நீங்கதான் எல்லாரையும்விட சத்தம்."

"நாங்க வேற ஏதோ கேட்டுக்கிட்டிருந்தோம்னு எழுதிடேன்பா."

"எழுதலாம். எதைக் கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னு எழுதட்டும்?"

மேயர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாராம். பிறகு, "ஏகமனதாகன்னு போட்டுடு," என்றாராம்.

குளம் பிழைத்தது, பம்பு வந்தது. ப்ரைஸ், பங்கேற்பு ஒலி மக்களின் இதயத்தைத் திறந்த விதம் பற்றிக் கட்டுரை எழுதினார். மறுதிறப்பு விழாவுக்கு ஊரே வந்துவிட்டது. ஒரு பக்கம் சாசேஜ் வேகிறது, இன்னொரு பக்கம் பிள்ளைகள் நீந்துகிறார்கள், குளக்கரை முழுக்க ஒலிபெருக்கி, அதுவும் அதே நெட்வொர்க்கில், எல்லோர் போனுக்கும் கட்டுப்பட்டு. கவுன்சிலின் மனத்தை மாற்றிய அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க உரையை முழுவதுமாகப் போட்டுக் காட்டப் போவதாக மேயர் அறிவித்தார்.

"வேண்டாம் லொரேன், நான் சொல்றேன், வேண்டாம்," என்றாள் நெரிடா.

"அட, இவ்வளவு பேசிட்டு இப்ப என்னம்மா கூச்சம்!"

பொத்தானை அழுத்தினார். நெரிடாவின் குரல் குளம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பேசுறது இங்கே ஒருத்தர் காதுலயும் விழலைன்னு எனக்குத் தெரியும். எனக்கும் ஒண்ணு மாட்டி விட்டிருக்காங்க. தொண்ணூத்தொன்பதுல நிக்கிறான். அவன் எப்ப நூறு அடிக்கிறானோ அப்ப நீங்கள்லாம் எந்திரிச்சு ஆமான்னு கத்துவீங்க. அதுவரைக்கும் கேட்டுக்கிட்டே நிக்கப் போறேன், குளம் திறந்தே இருக்கட்டுமா? இன்னும் அடிக்கலை. சரி. லொரேன், போன கோடையில உன் பேரன் குட்டையில விழுந்து தானா நீந்தி வந்தானே, ஞாபகம் இருக்கா? ரொம்ப அழகாத் தலையாட்டுற. குளம் திறந்தே இருக்கட்டுமா? ட்ரெவர் மாக்ஸம், நீ முப்பது வயசுல ராத்திரி யாருக்கும் தெரியாம வந்து என்கிட்ட நீந்தக் கத்துக்கிட்டவன். கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்க. பின்னாடி நம்ம ஊர்க்காரங்க. எனக்காக வந்திருக்காங்களாம். அதோ கறிக்கடை கிளிஃப். முழுக் காதும் எனக்குத்தான்னு வாசல்ல நின்னு சொன்னான். அவனுடைய ரெண்டு பொண்ணுங்களும்…"

அதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என் கட்டைவிரல் அதற்குள் போனில் ஒலியை அடிவரைக்கும் இறக்கிவிட்டது. திரையைப் பார்த்தேன். மேயர், மாக்ஸம், பெரில், பின்வரிசைக்காரர்கள் எல்லோர் பெயர்களும், அதே வாயை இறக்கியவர்கள் என்று, வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. முல்லங்கூலாவில் உண்மையாகவே ஏகமனதாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.