செம்பு ரேடியேட்டரும் சீர் அண்டாவும்

காரைக்கால்,
தவக்காலம் நான்காம் வாரம், 2006.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை யேசுராஜ் அவர்களுக்கு,

மாமனார் மரியமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் அத்தை சகாயம்மாளும் சுகம். ஜெனிஷாவும் சுகம், அதாவது வேளைக்குச் சாப்பிடுகிறாள், உங்களைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. கும்பகோணத்தில் உங்கள் உடல்நலமும், கல்யாண வீடியோ தொழிலும், வெயிலில் அடிக்கடி அணைந்துபோகும் அந்தக் கம்ப்யூட்டரின் உடல்நலமும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, கிழித்ததை ஒட்டி அனுப்புகிறேன். ஒட்டு தெரிந்தால் பொறுத்தருளவும்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத ஓடும். ஏ.சி. வைக்க வசதி இல்லாததால் கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்கலாம் என்று நீங்கள் பழைய கார்ச் சாமான் கடையில் ஒரு சின்ன ரேடியேட்டரும், மீன் தொட்டி மோட்டாரும், டியூபும், பிராசஸர் மேல் உட்காருவதற்கு லேத்தில் கடைந்த செம்புப் பெட்டியும் வாங்கினீர்கள். அதுவரை சரி. ஆனால் அந்த ரேடியேட்டரை, நாங்கள் சீராகக் கொடுத்த அண்டாவில், அதுவும் ஜெனிஷா என்று பெயர் வெட்டிய அண்டாவில், ஊறப்போட்டுவிட்டீர்கள். அவள் கோபித்துக்கொண்டு, “இது இல்லாம எப்படி ஓட்டுறார்னு பாக்குறேன்” என்று எல்லாப் பாகங்களையும் பையில் அள்ளிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். தகப்பன் என்ற முறையில் நான் “அவர் செஞ்சது தப்புதான்” என்றாவது, “நீ வீட்டுக்குப் போம்மா” என்றாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் தைரியம் வரவில்லை. “காபி குடிக்கிறியாம்மா” என்றேன்.

பிறகுதான் ஒரு யோசனை தோன்றியது. பாகங்களைச் சுத்தம் செய்து தயாராக வைத்தால், வாங்கிப்போகும் சாக்கில் நீங்கள் வருவீர்கள். வந்தால் ஒரு வாய் சாப்பிடுவீர்கள். சாப்பிடும்போது ஜெனிஷா பரிமாறாமல் இருக்க முடியாது. ஈஸ்டருக்குள் எல்லாம் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு ரேடியேட்டர் கழுவத் தெரியாதா? தெரியும் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவள் மதியம் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கொல்லையில் வேலையைத் தொடங்கினேன். ரேடியேட்டரில் தண்ணீரை விட்டுக் குலுக்கினால் மீன் குழம்பு நிறத்தில் வந்தது. துருவையும் பாசியையும் வினிகர் எடுக்கும் என்று கடையில் வாங்கினேன். கடைக்காரர் “ஊறுகாய்க்கா சார்?” என்று கேட்டார், விளக்கப் பயந்து ஆமாம் என்றேன். தவக்காலத்தில் பொய் சொன்னதற்குக் கைமேல் தண்டனை கிடைத்தது. நான் சட்டை மாற்றி வருவதற்குள் உங்கள் அத்தை அதை எடுத்து நிஜமாகவே மீன் ஊறுகாய் போட்டுவிட்டாள். என்ன செய்வது, செம்பு விளக்க நம் வீடுகளில் புளி இருக்கிறதே என்று கரைத்து ரேடியேட்டரிலும் பெட்டியிலும் ஊற்றினேன். ரேடியேட்டர் உள்ளே பளிச்சென்று ஆகியிருக்கும், பார்க்க முடியவில்லை. ஆனால் செம்புப் பெட்டியின் குறுகிய தண்ணீர்த் தடங்களில் புளிநார் போய் அடைத்துக்கொண்டது. நாரை எடுக்க ஈர்க்குச்சி விட்டேன். ஈர்க்குச்சி முறிந்து அதுவும் உள்ளே தங்கிவிட்டது. கடைசியில் மோட்டாரைத் திருப்பி மாட்டித் தண்ணீரை எதிர்த்திசையில் அடித்ததில் இரண்டும் ஒன்றாக வெளியே வந்து விழுந்துச்சு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. டியூபை வெந்நீரில் முக்கி, இளக்கி, எல்லாவற்றையும் கோத்து, கசிந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒரு பாட்டில் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து ஓடவிட்டேன். நன்றாகவே தெரிந்தது. டியூபின் கிளிப் நழுவி, கொடியில் காய்ந்த உங்கள் அத்தையின் கோயில் புடவை முழுக்கத் தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து அடுத்த வீட்டு ஞானசௌந்தரி மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் செம்பையும் டியூபையும் சொட்டுகிற பாட்டிலையும் பார்த்துட்டு, “என்ன சார், ரிட்டையர் ஆனதும் இந்த லைன்ல எறங்கிட்டீங்களா? காரைக்கால்ல சாராயக் கடைக்கா பஞ்சம்?” என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும். பயத்தில் எல்லாவற்றையும் கோணியால் மூடினேன். அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்? வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பங்குச்சாமி குடியின் கேட்டைப் பற்றி என்னையே பார்த்துப் பேசினார். அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

இனி வீட்டில் வைத்திருக்க முடியாது, நானே கும்பகோணம் வந்து கொடுத்துவிடலாம் என்று நேற்றுக் காலை கிளம்பினேன். வீட்டில் பழைய மாணவன் வீட்டுக் கல்யாணம் என்று சொன்னேன். தவக்காலத்தில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லையே என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஓடவிட வாங்கிய டிஸ்டில்டு வாட்டரைப் பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது, கண்ணாடிதான் சுத்தம் என்று, பிரான்சிலிருந்து உங்கள் சின்ன மாமா எப்போதோ கொண்டுவந்த காலி பிராந்தி பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினேன். பார்த்தவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அதுதான் வினையாகிப் போச்சு.

அம்பகரத்தூர் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் சாராயம் கடத்துகிறார்களா என்று பஸ்ஸை நிறுத்திப் பையெல்லாம் பார்ப்பார்கள் அல்லவா? போலீஸ்காரர் என் பையில் கையை விட்டு முதலில் செம்புப் பெட்டியை எடுத்தார், பிறகு டியூப், பிறகு ரேடியேட்டர், கடைசியாகப் பாட்டில். பஸ்ஸே எழுந்து நின்றது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர் ஆச்சரியப்பட்டு, “வாசனையே இல்லையே பெரியவரே! எந்த ஊர்ல காய்ச்சுறீங்க?” என்றார். “மாப்பிள்ளையோட கம்ப்யூட்டருக்குங்க” என்றேன். பின்சீட்டில் ஒருவர், “அதுக்கும் இப்ப ஊத்திக் குடுக்கணுமா?” என்றார். சாராயமில்லை என்று காட்ட, அவர் சொல்லாமலே பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தேன். தடுமாறாமல் நிற்பதைப் பார்த்துத்தான் நம்பினார். நல்ல மனுஷர். “சரி, சாமான் மாப்பிள்ளையோடது, அவரே வந்து எடுத்துட்டுப் போகக் கூடாதா? வயசான காலத்துல நீங்க ஏன் தூக்கிட்டு அலையறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை மாப்பிள்ளை, மகளும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிட்டேன். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முன்சீட்டில் மீன்கூடை வைத்திருந்த அம்மா மட்டும் திரும்பி, “ஏன் சாரே, பொண்ண பஸ் ஏத்தி விடறத விட்டுட்டு சாமான ஏத்திக்கிட்டு வர்றீங்க?” என்றாள்.

அங்கேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மா சொன்னதை ஜெனிஷாவிடம் சொல்ல நேற்றிலிருந்து மூன்று தடவை போய், மூன்று தடவையும் காபி குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஆகவே உங்களை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். அண்டாவை விளக்கிக் கையில் கொண்டுவந்தால் நலம். அவள் கோபக்காரி இல்லை. அடுத்தவர் முதலில் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிற சுபாவம், அது என்னிடமிருந்து போனது.

உங்கள் வீட்டில் சமாதானமும் உங்கள் அறையில் குளிர்ச்சியும் நிலைக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
மரியமுத்து

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெனிஷா வந்து, “யாருக்குப்பா லெட்டர்?” என்றாள். பொய் சொல்ல வரவில்லை. வாங்கிப் படித்துச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தினமும் மாடிக்குப் போய் உங்களோடு போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளாம். அவள் இங்கே வந்த மறுநாளே நீங்கள் மன்னிப்புக் கேட்டாயிற்றாம். பெரிய காற்றாடி ஒன்றை மாட்டிக் கம்ப்யூட்டரும் நன்றாக ஓடுகிறதாம். “அப்புறம் ஏம்மா இத்தனை நாள் இங்கே?” என்றேன். “மதியானம் ஜன்னல் வழியாப் பாப்பேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா கழுவிக்கிட்டு இருந்தீங்க. முடியட்டுமேன்னுதான் இருந்தேன்” என்றாள். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். தபால்தலை வீணாக வேண்டாம் என்று இதை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஆகவே மேலே உள்ள எதையும் நீங்கள் படிக்கத் தேவையில்லை. பாகங்களை இங்கேயே விட்டுப் போகிறாள். ரேடியேட்டரை இன்னும் ஒரு தடவை கழுவி வைக்கட்டுமா என்று மட்டும் தெரிவிக்கவும்.