மயங்கினவங்க பேசக் கூடாது

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே நானும் மகளும் சௌக்கியம். கப்பல் வேலையில் இருக்கும் அவள் அப்பாவும் சௌக்கியம் என்று கப்பலிலிருந்து சொன்னார். உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால் நான் எதற்கும் சரியென்று தலையாட்டிவிடுவேன். காகிதத்துக்கு மூக்கு இல்லை.

நீ பெட்டி கட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் நான் மயங்கி விழுந்ததிலிருந்து "இனிமே உன்னைத் தனியா விட முடியாது, நான் வந்து உன்கூடவே இருந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். இன்சுலின் போட்டுக்கொண்டு, வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்தது என் தப்புதான். ஆனால் உன்னை அதிகம் பயமுறுத்தியது என் மயக்கம் இல்லை, அப்போது உன் செல்லம் செய்த காரியம் என்பது எனக்குத் தெரியும். சமையலறைத் தரையில் கிடந்த அம்மாவின் தலைக்குத் தலையணை வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்துக் கார்ட்டூன் பார்த்திருக்கிறாள். கொடியிலிருந்து விழுந்த துணியைக் கொடுக்க மாடி ஏறி வந்த கீழ்வீட்டு நாய்க்காரரிடம், கதவைத் திறக்காமலே, "அம்மா சமையல்கட்டுல தூங்கறாங்க, எழுப்பினா திட்டுவாங்க" என்றாளாம். சமையலறையில் எப்படிம்மா தூங்குவாங்க என்று அந்த மனிதருக்குத் தோன்றியதால் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என்ன செய்வதென்று குழந்தைக்குத் தெரியாத அந்தக் குறையை இப்போது சரிசெய்தாகிவிட்டது.

நான் சலவை இயந்திரத்துக்கும் மிக்சிக்கும் கையேடு எழுதிப் பிழைக்கிறவள். இயந்திரம் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று முகம் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளுக்கு, அம்மா ஓடாவிட்டால் என்ன செய்வது என்று ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாதா என்று இறங்கினேன். அவள் விளையாட்டு போனை எடுத்துக்கொண்டாள். அவசர உதவிக்காரராக நான் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மணி அடித்தது.

"ஹலோ, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

"என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லும்மா."

"எடுத்த எடுப்புல காரியம் பேசக் கூடாதுன்னு பெரியம்மா சொன்னாங்க."

பார், உன் வளர்ப்பு. விஷயத்தைச் சொல்லாவிட்டால் போனை வைத்துவிடுவேன் என்றேன். வைத்தும்விட்டேன். அழுதாள். "முதல்லேருந்து" என்றேன். இப்படி எத்தனை முறை வைத்திருப்பேனோ, கடைசியில் குசலம் விசாரிப்பதை விட்டாள். அடுத்தது விலாசம். "தெரியாதவங்ககிட்ட வீடு எங்கன்னு சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றாள். இவங்களிடம் சொல்லலாம் என்றேன். "இவங்களை உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்போ?" என்றாள். பிறந்ததிலிருந்து மனிதர்களைக் கண்டால் ஒதுங்கப் பழக்கிவிட்டு, இப்போது முன்பின் தெரியாத ஒரு குரலை நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? அவளே ஒரு வழி கண்டுபிடித்து, "நாய் வீட்டுக்கு மேல் வீடு, வாசல்ல செருப்பு கலைஞ்சு கிடக்கும்" என்று சொல்லத் தொடங்கினாள். போகட்டும், இப்போது கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மூச்சுவிடாமல் சொல்கிறாள். நாயையும் விடுவதில்லை.

பிறகு மயக்க ஒத்திகை. நான் சமையலறைத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவள் வந்து தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும், பதில் இல்லையென்றால் போனுக்கு ஓட வேண்டும். அவளோ போகிற வழியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். "சாப்பாட்டு நேரத்துல பிஸ்கட் எடுக்காதே" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"மயங்கினவங்க பேசக் கூடாதும்மா!"

"சரி, பேசல."

"பேசறியே!"

எத்தனை ஒத்திகை பார்த்தாலும் அந்த டப்பா மூடியின் சத்தம் கேட்டதும் எனக்கு மயக்கம் தெளிந்துவிடும். அதைத் தவிர எல்லாம் ஒழுங்காக நடந்தது.

சனிக்கிழமை ஒத்திகை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக நடந்துவிட்டது. அவள் விளையாட்டு போனை விட்டுவிட்டு என் போனில் நிஜ எண்ணை அழுத்திவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து, நாய் குரைத்து, தெருவே மாடியைப் பார்த்து நின்றது. மருத்துவ உதவிக்கு வந்த பெண்ணும் ஓட்டுநரும் கதவைத் தட்டினால் இவள் திறக்கவில்லை. இன்னும் இணைப்பில் இருந்த குரலிடம், "வெளியில நிக்கறவங்க நீங்க அனுப்பினவங்கதானா?" என்று விசாரித்து, அது ஆமாம் என்ற பிறகுதான் தாழ்ப்பாளைத் தள்ளினாளாம். வந்தது வந்தோம் என்று அவர்கள் என் சர்க்கரையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். "பாப்பா ரொம்பக் கெட்டி" என்று அந்தப் பெண் சொன்னாள். ஒத்திகையில் நிஜ எண்ணை அழுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை என் பாடத்தில் விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன்.

ஆகவே அக்கா, இங்கே ஏற்பாடு பலமாக இருக்கிறது. நீயும் உன் குக்கரும் அங்கேயே நிம்மதியாக இருங்கள். நீ வந்தால் என் அலமாரிகளை ஒழுங்குபடுத்துவாய், அதன் பிறகு எனக்கு எதுவும் கிடைக்காது. அத்தானுக்கு என் வணக்கம். வழக்கம்போல எங்களுக்காக வேண்டிக்கொள். அதை அங்கிருந்தே செய்யலாம்.

உன் ஆசியை நாடும்
தங்கை

பின்குறிப்பு: தானும் முத்தம் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டதால் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விளையாட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். சனிக்கிழமை பற்றிய இடம் வந்ததும், "அன்னிக்கு ஒத்திகை இல்லையேம்மா" என்றாள். இல்லைதான். தட்டைக் கையில் எடுத்தது வரைதான் எனக்கு ஞாபகம். மீதியெல்லாம் அவள் சொன்னதும் ஆம்புலன்ஸில் வந்த பெண் சொன்னதும். மகள் முதலில் ஒத்திகை என்றுதான் நினைத்திருக்கிறாள். அதனால் பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்கிறாள். நான் பேசவில்லை. ஒன்று எடுத்திருக்கிறாள். இன்னொன்றை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு கடித்திருக்கிறாள். "நீ திட்டவே இல்ல. அப்புறம்தான் பயமா இருந்துச்சு" என்றாள். அதன் பிறகுதான் போனை எடுத்திருக்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு, "பெரியம்மாகிட்ட நீ விஷயத்தைச் சொல்லவே இல்ல. போனை வெச்சுட்டேன். முதல்லேருந்து" என்று வைத்தும்விட்டாள்.

முதலிலிருந்து: அக்கா, உதவி வேண்டும். மயக்கம் மறுபடி வந்தது. நாய் வீட்டுக்கு மேல் வீடு. பேசுவது உன் தங்கை. பெட்டியோடு நிற்பது நீதான் என்று நான் சொன்ன பிறகே கதவு திறக்கும், கோபித்துக்கொள்ளாதே. குக்கரையும் கொண்டு வா.

நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?