எண்ணெய்ப் போத்தலும் பெரியண்ணையின் செத்தவீடும்

சிவமயம்

ஹந்தானை, கண்டி
14.09.1986

அன்புத் தங்கை பத்மாதேவிக்கு, சின்னண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. நீயும் மைத்துனரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதக் கூச்சமாயிருக்கிறது. தொழிற்சாலை எஞ்சின் சுகமாயிருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. கலியாணம் கட்டாத பெரியண்ணைக்குக் கொள்ளி வைக்க உரியவன் நான் ஒருவன்தான் என்றும், இரண்டு நாள் பிரேதத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் மைத்துனரே கொள்ளி வைத்தார் என்றும் எழுதி, “உங்களுக்கு அண்ணையை விட எஞ்சின் பெரிசாப் போச்சோ?” என்று கேட்டிருந்தாய். கேட்டது நியாயம். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், வாசித்துவிட்டுத் திட்டு.

கரண்ட் நின்றால் இந்தத் தேயிலைத் தொழிற்சாலையை ஓட்டுவது என் டீசல் எஞ்சின்தான். அதுவும் நின்றால் வாட்டப் போட்ட கொழுந்தெல்லாம் குப்பைக்குப் போகும். முன்பெல்லாம் இருநூற்றைம்பது மணித்தியாலம் ஓடினால், நல்லதோ கெட்டதோ, எண்ணெயை மாற்றிவிடுவோம். மஹய்யாவையிலிருந்து வரும் மெக்கானிக் தாஸிம் அதற்கும் முன்னதாகவே எண்ணெயை விரலில் தொட்டு மணந்து பார்த்து, “மாஸ்டர், கறுத்துட்டு, மாத்துங்க” என்பான். டீசல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் மறுநாளே கறுத்துவிடும், கறுப்பைப் பார்த்துக் குணம் சொல்ல முடியுமா? நான்தான் தோட்டத்துப் பெரிய துரையோடு வாதாடி, எண்ணெயில் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு செம்பு, தண்ணீர் கலந்ததா, டீசல் கலந்ததா என்று பார்த்துச் சொல்வார்கள். செம்பு கூடினால் உள்ளே பேரிங் தேய்கிறது. ஒன்றும் கூடாவிட்டால் அதே எண்ணெயில் இன்னும் ஓட்டலாம். அந்தத் துணிச்சலில் முதல் தடவையாக முந்நூற்றுப்பத்து மணித்தியாலம் ஓட்டியிருந்தேன். துரை நாளுக்கு இரண்டு தடவை வந்து மணித்தியாலக் கணக்கைப் பார்த்தார், நான் நாலு தடவை பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை, எஞ்சின் சூடு ஆறுமுன் எண்ணெயைப் போத்தலில் எடுத்து மூடும்போதுதான் உன் தந்தி வந்தது. மாத்தளை வழியாக நேரே வந்திருக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்து, போத்தலைக் கொழும்பில் கொடுத்துவிட்டு அங்கிருந்து யாழ்ப்பாண ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டேன். “மௌத்து வீட்டுக்குப் போறவருக்கு இது என்னத்துக்கு மாஸ்டர்? தாங்க, நான் கொண்டு போறேன்” என்று தாஸிம் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. என் போத்தலை அவன் கண்டபடி குலுக்கிவிடுவானாம்.

வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். என் பைக்குள் வேட்டி, விபூதி, கறுத்த திரவத்தோடு ஒரு போத்தல். அதன் மேல் என் கையெழுத்தில், தமிழில், ‘ஹந்தானை, 310 மணித்தியாலம்’. என்னை மட்டும் இறக்கிக் கொண்டுபோனார்கள். “முந்நூற்றுப்பத்து மணித்தியாலம் முடிந்தால் என்ன நடக்கும்?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும், மாற்றாவிட்டால் எல்லாம் உடைந்துவிடும் என்றேன். உடையும் கதையை நான் விட்டிருக்கலாம். எங்கே உடையும் என்றார். ஹந்தானையில் என்றேன். உடனே இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். இது எஞ்சினுக்கு இரத்தம் சோதிப்பது மாதிரி என்று விளக்கினேன். யாருடைய இரத்தம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இப்படியே மூன்று நாள் அங்கே ஒரு மர வாங்கில் இருத்தி வைத்து, சனிக்கிழமைதான் விட்டார்கள். அதற்கு முதல் நாளே அண்ணை சாம்பலாகிவிட்டார். நினைத்து நினைத்து அழுதேன், பிள்ளை.

பரிசோதனை அறிக்கையும் வந்துவிட்டது. இரும்பும் செம்பும் அளவோடுதானாம், இன்னும் நூறு மணித்தியாலம் ஓட்டலாமாம். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எப்படியும் வந்து சேருவேன். என் கடமையைச் செய்த மைத்துனருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் சின்னண்ணன்
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு.: பத்மா, உறையை ஒட்டுமுன் திரும்ப வாசித்தேன். மூன்று நாள் என்று எழுதியது பொய். இரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள். அண்ணன் செத்தவீடு என்றதும் அந்த அதிகாரி போத்தலைத் துடைத்துத் தந்து, ரயிலுக்கு நேரமிருக்கிறது, கெதியாகப் போ என்றார். போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரயிலடிக்கும் போனேன். ரயில் நின்றுகொண்டிருந்தது, கையில் டிக்கெட் இருந்தது. வவுனியா போய்ச் சேருமுன் இன்னும் எத்தனை இடத்தில் இறக்குவார்களோ என்று நினைத்தேன், கால் ஏறவில்லை. ரயில் போன பிறகு கண்டி பஸ்ஸில் திரும்பி வந்து, சனிக்கிழமை வரை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். பயம்தான், வேறொரு காரணமும் இல்லை. பெரியண்ணை இருந்திருந்தால், “அவன் சின்னனிலையிருந்தே பயந்தவன், விடு பிள்ளை” என்று உனக்குச் சொல்லியிருப்பார். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.